ஐம்பது கெஜத்தில் ஒரு பத்து: புல்ஸ்ஐ போட்டி பிஸ்டல் எப்படி உருவாகிறது?

ஒரு கையை மட்டும் நீட்டிப் பிடித்து, மறு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எதிலும் சாயாமல் நின்று, .45 காலிபர் (குழல் விட்டம் சுமார் 0.45 அங்குலம்) பிஸ்டலால் ஐம்பது கெஜத்துக்கு அப்பால் இருக்கும் காகிதத்தைச் சுட வேண்டும். ஐம்பது கெஜம் என்றால் 45.7 மீட்டர். காகிதத்தில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் விட்டம் எட்டு அங்குலம். அதன் நடுவே பத்து மதிப்பெண் தரும் வளையம் 3.36 அங்குலம், அதாவது 85 மில்லிமீட்டர். அமெரிக்காவில் புல்ஸ்ஐ என்று சொல்லப்படும் துப்பாக்கிசுடும் போட்டி இதுதான். இதற்காகவே ஒரு பிஸ்டலைப் பிரித்து, ராவி, தேய்த்து, மறுபடி கோத்துத் தருகிற, கன்ஸ்மித் எனப்படும் கைவேலைக்காரர்கள் அங்கே மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. பட்டறைக் குறிப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தத்துவம் புரிந்தால் போதும்.

நம் ஊரில் பிஸ்டல் போட்டி என்றால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான் நினைவுக்கு வரும். அதுவும் ஒரு கைப் போட்டிதான். ஆனால் ஒலிம்பிக் வகைப் போட்டிகளின் பிஸ்டல்கள் அந்த வேலைக்கென்றே தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டவை. பணம் கட்டினால் பெட்டியோடு வரும், பிரித்து எடுத்துச் சுடலாம். புல்ஸ்ஐயின் கதை வேறு. அதன் மையத்தில் இருப்பது 1911ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, ஜான் பிரௌனிங் வடிவமைத்த ஒரு படைத்துப்பாக்கி. அதன் பெயரே 1911. சேற்றிலும் மணலிலும் சுட வேண்டும் என்று செய்த கருவியை 85 மில்லிமீட்டர் வளையத்துக்குள் பத்துக்குப் பத்து போட வைப்பது என்றால் யாராவது உட்கார்ந்து கையால் வேலை செய்துதான் ஆக வேண்டும்.

போட்டி முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முழுப் போட்டிக்கு '2700' என்றே பெயர். மூன்று துப்பாக்கிகள்: ஒரு .22, ஒரு சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்க வைக்கும் வகை, .32 அல்லது அதற்கு மேல்), ஒரு .45. ஒவ்வொன்றிலும் 90 குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 900 மதிப்பெண். சென்டர்ஃபயர் பிரிவிலும் .45ஐயே பயன்படுத்தலாம் என்பதால் பெரும்பாலோர் இரண்டு துப்பாக்கிகளோடு முடித்துக்கொள்வார்கள். ஐம்பது கெஜத்தில் 'ஸ்லோ ஃபயர்': பத்து நிமிடத்தில் பத்து குண்டு. இருபத்தைந்து கெஜத்தில் 'டைம்டு ஃபயர்': இருபது வினாடிக்கு ஐந்து குண்டு. 'ரேபிட் ஃபயர்': பத்து வினாடிக்கு ஐந்து. ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் இருக்கும் கேம்ப் பெர்ரியில் 1907 முதல் நடந்துவரும் தேசியப் போட்டிகள்தான் இந்த விளையாட்டின் திருவிழா. அமெரிக்க ராணுவ வீரர் ஹெர்ஷல் ஆண்டர்சன் 1974இல் 2700க்கு 2680 எடுத்தார். 270 குண்டுகளில் இழந்தது வெறும் இருபது மதிப்பெண். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நல்ல துப்பாக்கி எதற்கு?

"கை நன்றாக இருந்தால் எந்தத் துப்பாக்கியிலும் சுடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம்தான்.

சுடுபவரின் கை ஆடும். ஆடாத கை உலகத்தில் கிடையாது. ஒரு நல்ல போட்டியாளரின் கை ஆட்டம் மட்டும் ஐம்பது கெஜத்தில் 90 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குண்டுகளைச் சிதறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது சாதாரணத் தொழிற்சாலை பிஸ்டல். இயந்திரத்தில் பூட்டிச் சுட்டாலே 125 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குலம் சிதறுகிறது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? 90ஐயும் 125ஐயும் அப்படியே கூட்டக் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிதறல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 154. இப்போது துப்பாக்கியின் சிதறலை 45 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் மொத்தம் 101க்கு வந்துவிடும். சிதறலே இல்லாத, கனவில் மட்டும் கிடைக்கும் துப்பாக்கியைக் கொடுத்தாலும் 90க்குக் கீழே போகாது.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சுமாரான துப்பாக்கியிலிருந்து நல்ல துப்பாக்கிக்கு மாறினால் பெரிய லாபம் உண்டு. நல்லதிலிருந்து மகா நல்லதுக்குப் போனால் லாபம் சொற்பம். ஆனாலும் பெரும் பணம் செலவாவது அந்தக் கடைசிச் சொற்பத்துக்குத்தான். இது எல்லாப் பொழுதுபோக்குக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். கேமரா வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மதிப்பெண்ணை விட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. தேர்ந்தவர்கள் ஒவ்வொரு குண்டையும் 'கால்' செய்வார்கள். குண்டு கிளம்பிய நொடியில் குறிபார்க்கும் சைட் எங்கே இருந்தது என்பதை வைத்து, "ஒன்பது, நாலு மணிப் பக்கம்" என்று தொலைநோக்கியில் பார்க்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். பிறகு பார்த்தால் அங்கேயே ஓட்டை இருக்க வேண்டும். ஐந்து அங்குலம் சிதறும் துப்பாக்கியில் இந்தப் பயிற்சியே நடக்காது. நன்றாகச் சுட்டது எட்டில் போய் விழும். விசையை (ட்ரிகரை) வெடுக்கென்று இழுத்தது பத்தில் விழும். எது தன் தவறு, எது துப்பாக்கியின் தவறு என்று தெரியாமல் ஆறு மாதம் சுட்டாலும் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. காகிதத்தில் விழும் ஓட்டை உண்மையைச் சொல்ல வேண்டும். கன்ஸ்மித்துக்குக் கொடுக்கும் பணம் முக்கால்வாசி அதற்குத்தான்.

குழல் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வர வேண்டும்

1911 பிஸ்டலில் குழல் ஃபிரேமோடு (கைப்பிடி உள்ள கீழ்ப்பகுதியோடு) ஆணி அடித்தது போல நிலையாக இருப்பதில்லை. சுட்டவுடன் மேலே இருக்கும் ஸ்லைடும் குழலும் சேர்ந்து சற்றுப் பின்னால் நகரும். பிறகு குழலின் பின்பகுதி கீழே தாழ்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடும். ஸ்லைடு மட்டும் முழுக்கப் பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, புதியதை ஏற்றிக்கொண்டு முன்னால் வரும். வரும்போது குழலை மறுபடி மேலே தூக்கிப் பூட்டும். குழலின் முதுகில் இருக்கும் வரம்புகள் ஸ்லைடின் உட்பக்கப் பள்ளங்களில் போய் அமரும். ஒவ்வொரு குண்டுக்கும் இந்தக் கூத்து முழுவதும் நடக்கிறது.

குழலின் நீளம் ஐந்து அங்குலம், 127 மில்லிமீட்டர். அது பூட்டும்போது முனை ஒரு தலைமுடியின் தடிமன் அளவு, சுமார் 0.07 மில்லிமீட்டர், போன தடவையை விடத் தள்ளி அமர்ந்தால் ஐம்பது கெஜத்தில் குண்டு 25 மில்லிமீட்டர் விலகும். பத்து வளையத்தின் ஆரமே 42 மில்லிமீட்டர்தான். ஒரு முடியளவு பிசகு அதில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது.

அதனால் கன்ஸ்மித்தின் முதல் கவனம் குழலில். போட்டிக்கான குழல்கள் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக, அதிக உலோகத்தோடு செய்யப்பட்டு வரும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பொருத்த முடியாது. ஸ்லைடு மூடவே மூடாது. பொருத்துபவர் மூன்று இடங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருவார்.

முதலாவது, குழலின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் 'ஹூட்'. அது ஸ்லைடின் இடைவெளியில் பக்கவாட்டில் ஆடாமல், முன்பின் ஆடாமல் அமர வேண்டும். இரண்டாவது, குழலின் அடியில் இருக்கும் காலடிகள். பூட்டும்போது ஃபிரேமின் குறுக்கே போகும் பின்னின் மேல் இவை ஏறி நின்று குழலைத் தாங்கிப் பிடிக்கும். தொழிற்சாலைத் துப்பாக்கிகள் பலவற்றில் இந்தக் காலடி பின்னை ஒழுங்காகத் தொடுவதில்லை. குழலைக் கீழே இழுக்க மட்டும் என்று வைத்த சிறு இணைப்புத் துண்டின் தயவில் குழல் நிற்கும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. காலியான துப்பாக்கியை மூடி வைத்து, மேலே தெரியும் ஹூட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நன்றாகப் பொருத்திய குழல் பாறை மாதிரி நிற்கும். மற்றது லேசாகக் கீழே போய், விரலை எடுத்ததும் மேலே வரும். அந்த 'லேசாக'தான் காகிதத்தில் பெரிய சிதறலாகத் தெரிவது.

மூன்றாவது, முன்முனையில் குழலைச் சுற்றி மோதிரம் போல் இருக்கும் புஷ். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. புஷ் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் குழலின் பின்பகுதி தாழும்போது முன்பகுதி சாயவும் வேண்டும். இறுகப் பிடித்தால் சாய முடியாது, சாய விட்டால் பிடி தளரும். தீர்வு இதுதான்: குழலின் முனையில் சிறிது தூரத்துக்கு மட்டும் விட்டம் ஒரு பொடி அதிகம். பூட்டிய நிலையில் அந்தத் தடித்த பகுதி புஷ்ஷுக்குள் இருக்கும். ஸ்லைடு பின்னால் நகர்ந்தவுடன் புஷ் மெலிந்த பகுதிக்கு வந்துவிடும். சாய இடம் கிடைக்கும். புஷ்ஷுக்கும் குழலுக்கும் நடுவே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிதான் விடுவார்கள். இப்படிப் பொருத்திய புஷ்ஷை வெறும் கையால் திருக முடியாது, ஸ்பேனர் வேண்டும்.

இந்த மூன்றிலும் வேலை ஒரே மாதிரிதான். தொட வேண்டிய இடத்தில் மை தடவுவார்கள், அல்லது மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார்கள். மூடித் திறந்து பார்த்தால் எங்கே உரசியதோ அங்கே மை அழிந்திருக்கும். அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி மை, மறுபடி மூடல். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் உலோகம் திரும்பி வராது. குழலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

பலர் இதை 'இறுக்கமாக்குவது' என்று புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் ஆபத்தானது. எல்லாவற்றையும் இறுக்கினால் பத்தாவது குண்டில் சிக்கி நிற்கும் துப்பாக்கிதான் கிடைக்கும். நல்ல ஆசாரி போட்ட கதவு திறக்கும்போதும் மூடும்போதும் எங்கும் உரசாது, மூடிய பிறகு துளியும் ஆடாது. 1911இல் தேடுவதும் அதே குணம்தான். நகரும் பாதையில் தாராளம் இருக்கலாம். பூட்டும் கடைசி மில்லிமீட்டரில்தான் எல்லாம் கச்சிதமாக வந்து சேர வேண்டும்.

ஸ்லைடை இறுக்கணுமா?

அரங்குகளில் காலங்காலமாக நடக்கும் சண்டை இது. பழைய ராணுவ பிஸ்டலைக் கையில் எடுத்துக் குலுக்கினால் ஸ்லைடும் ஃபிரேமும் லொடலொடவென்று சத்தம் போடும். 1950களில் அமெரிக்க ராணுவ, மரைன் (கடல்சார் படை) அணிகளின் கன்ஸ்மித்கள் முதலில் கைவைத்தது அங்கேதான். ஃபிரேமின் தண்டவாளங்களைச் சுத்தியலால் தட்டிச் சற்று விரியவைப்பார்கள், ஸ்லைடை வைஸில் வைத்துச் சற்று நெருக்குவார்கள். பிறகு எமரி பேஸ்ட் போட்டு முன்னும் பின்னுமாகத் தேய்த்துத் தேய்த்து, எண்ணெயில் வழுக்குவது போல் ஓட வைப்பார்கள். பார்க்க அழகான வேலை. இப்போது தண்டவாளம் பெரிதாகவே வரும் ஃபிரேம்களை வாங்கி, தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரும்பு சைட்கள் இரண்டும் ஸ்லைடின் மேல் இருக்கின்றன. குழலும் ஸ்லைடோடு பூட்டிக்கொள்கிறது. குறிபார்ப்பது ஸ்லைடை வைத்து, குண்டு கிளம்புவது ஸ்லைடோடு பூட்டிய குழலிலிருந்து. அப்படியென்றால் கீழே ஃபிரேம் சற்று லொடலொடத்தால் என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. காரணம், அந்த ஆட்டத்தில் சைட்டும் குழலும் சேர்ந்தே நகர்கின்றன. குழலும் புஷ்ஷும் நன்றாகப் பொருந்திய, ஸ்லைடு தளர்ந்த துப்பாக்கி, ஸ்லைடு மட்டும் இறுகிய துப்பாக்கியைத் தோற்கடிக்கும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது சிவப்புப் புள்ளி சைட். ஸ்வீடன் நாட்டு எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1970களின் நடுவில் கொண்டுவந்த சாதனம், பிறகு புல்ஸ்ஐ அரங்குகளைப் பிடித்துக்கொண்டது. சிறு குழாய்க்குள் ஒளிரும் புள்ளி. அதை இலக்கின் மேல் வைத்தால் போதும். இரும்பு சைட்டில் முன் சைட், பின் சைட், இலக்கு என்று மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கும். கண் முன் சைட்டில் குவிய வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அது மங்கலாகத்தான் தெரியும். புல்ஸ்ஐ சுடுபவர்களில் தலை நரைத்தவர்கள் அதிகம். புள்ளி சைட் அவர்களுக்கு இன்னும் பல வருடங்களைக் கொடுத்தது.

அந்தக் குழாயை எங்கே பூட்டுவது? ஸ்லைடின் மேல் பூட்டினால் ஸ்லைடின் எடை கூடுகிறது, ஓட்டம் மந்தமாகிறது; ஸ்பிரிங்கும் தோட்டாவும் மாற வேண்டும். ஃபிரேமில் பூட்டினால் ஸ்லைடு இலேசாகவே இருக்கும். ஆனால் இப்போது குறி ஃபிரேமில், குழல் ஸ்லைடில். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு ஆட்டமும் காகிதத்தில் தெரியும். ஃபிரேமில் சைட் வைப்பவருக்கு ஸ்லைடு இறுக்கம் அவசியம். ஸ்லைடில் வைப்பவருக்கு அது இரண்டாம் பட்சம். சண்டை போடும் இரு தரப்பும் சரி. அவர்கள் பேசுவது வெவ்வேறு துப்பாக்கிகளைப் பற்றி.

விசை: ஒன்றரைக் கிலோவின் பிரச்சினை

என்னைக் கேட்டால், துப்பாக்கியில் ஒரே ஒரு இடத்தில்தான் பணம் செலவழிக்கலாம் என்றால் விசையில் செலவழியுங்கள் என்பேன். குழல் பிறகு.

விதிப்படி .45 பிஸ்டலின் விசை குறைந்தது 3.5 பவுண்டு எடையைத் தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 1.6 கிலோ. சென்டர்ஃபயருக்கு 2.5 பவுண்டு, .22க்கு 2 பவுண்டு. துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, விசையில் எடைக்கல்லைக் கொக்கியால் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள்; சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) விழாமல் கல் மேலே வந்தால் தேறியது. இப்போது இன்னொரு எண்: காலி 1911இன் எடை சுமார் 1.1 கிலோ. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் 1.1 கிலோப் பொருளை, ஒற்றை விரலால் 1.6 கிலோ பலத்தோடு அழுத்த வேண்டும். பொருள் ஒரு முடியளவும் அசையக் கூடாது. புல்ஸ்ஐயின் முழுக் கஷ்டமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

எடையைக் குறைக்க விதி விடாது. ஆகவே கன்ஸ்மித் விசையின் தன்மையை மாற்றுகிறார். உள்ளே சுத்தியலைப் பிடித்து வைத்திருப்பது 'ஸியர்' என்னும் சிறு நெம்பு. சுத்தியலில் இருக்கும் இரண்டு கொக்கிகளின் உயரம் அரை மில்லிமீட்டர்தான். ஸியரின் முனை அந்தக் கொக்கிகளிலிருந்து வழுகி வெளியே வருவதைத்தான் விரல் 'விசை உடைந்தது' என்று உணர்கிறது. அந்த இரண்டு முகங்களும் கரடுமுரடாக இருந்தால் விசை நொறுநொறுவென்று நகரும். எங்கே உடையும் என்று தெரியாமல் விரல் பதறும், பதறினால் கை இழுக்கும். இரண்டையும் ஒரே கோணத்தில், கண்ணாடி போல் வழவழப்பாக்கி, இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் ஸியரைத் தொடும்படி செய்வதுதான் விசை வேலை.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு பக்கம் 'கிரிஸ்ப்' விசை: அழுத்தம் ஏறும், எதுவும் நகராது, கண்ணாடிக் குச்சி ஒடிவது போல் பட்டென்று உடையும். மறுபக்கம் 'ரோல்' விசை: அழுத்தும்போது மிக மெல்லிய, வழவழப்பான நகர்வு விரலுக்குத் தெரியும், நகர்ந்துகொண்டே இருக்கும்போது எப்போதோ உடையும். கிரிஸ்ப் விசை கடைக்காரரின் மேசையில் கையில் எடுத்துப் பார்ப்பவரை உடனே மயக்கும். ஆனால் போட்டி வரிசையில் அதற்கு ஒரு குணம் உண்டு: விரல் சுவரில் முட்டி நின்றுவிடும், "இப்போது, இப்போது" என்று மனம் காத்திருக்கும், கடைசியில் வெடுக்கென்று இழுத்துவிடும். ரோல் விசையில் விரல் நிற்பதற்கு இடமே கிடையாது. பதற்றக்காரர்களுக்கு ரோல்தான் சரி என்பது என் கட்சி.

விசை வேலையைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டுச் செய்யக் கூடிய வேலை இல்லை இது. அரை மில்லிமீட்டர் கொக்கியில் அதிகமாகத் தேய்த்துவிட்டால், ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் விழும். யாரும் விசையைத் தொடாமல் குண்டு கிளம்பலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று தொடர்ந்தும் கிளம்பலாம். போட்டி விசை வைத்திருப்பவர்கள் காலித் துப்பாக்கியின் ஸ்லைடைப் படாரென்று விட மாட்டார்கள். கையால் பிடித்து மெதுவாக மூடுவதைப் பார்க்கலாம். தோட்டா ஏறும்போது ஸ்லைடின் வேகத்தைத் தோட்டா கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காலியாக மூடினால் அந்த அடி முழுவதும் அந்தச் சிறு கொக்கியின் மேல் விழும்.

தோட்டாவும் ஸ்பிரிங்கும்

ராணுவத் தோட்டாவில் 230 கிரெயின் (சுமார் 15 கிராம்) எடையுள்ள உருண்டை முனைக் குண்டு இருக்கும். அரங்கில் அதை 'ஹார்ட்பால்' என்பார்கள். ராணுவ பிஸ்டல் வகைப் போட்டிகளில் மட்டும் அதைச் சுடுவதற்கென்று சிலர் தனித் துப்பாக்கியே வைத்திருப்பார்கள். மற்றபடி 2700க்குப் பயன்படுவது 'வாட் கன்'. அதில் 185 அல்லது 200 கிரெயின் குண்டு. வேகம் குறைவு, உதை மென்மை. குண்டின் முகம் தட்டையாக, தோள் கூர்மையாக இருக்கும். அதனால் காகிதத்தைக் கிழிக்காமல், பஞ்சிங் மெஷினில் போட்டது போல் வட்டமாக ஓட்டை விழும். ஓட்டையின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் என்பதால் சுத்தமான ஓட்டைக்கு மதிப்பு உண்டு.

மென்மையான தோட்டாவுக்குப் பழைய ஸ்பிரிங்கைத் தள்ளும் வலு இருக்காது. ஸ்லைடு பாதி தூரம் போய்த் திரும்பிவிடும், காலித் தோட்டா வாயில் சிக்கிக்கொள்ளும். அதனால் ஸ்பிரிங்கை இலேசாக்க வேண்டும். 16 பவுண்டு இருந்த இடத்தில் 12 பவுண்டு அல்லது அதற்கும் கீழே. தட்டை முகக் குண்டு குழலின் வாய்க்குள் வழுக்கிப் போகவும் தயங்கும். உருண்டை முனைக்கென்று செய்த பாதை அது. அந்த வாயின் சரிவைச் சீர்செய்வதும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினின் உதடுகளைத் தேர்ந்தெடுப்பதும் கன்ஸ்மித்தின் பட்டியலில் உண்டு. ரேபிட் ஃபயரில் பத்து வினாடிக்குள் ஐந்து குண்டு. நடுவில் சிக்கினால் 'அலிபி' கேட்டு மறுபடி சுட வாய்ப்பு உண்டு. ஆனால் கலைந்த மனத்தோடுதான் சுட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா வேறு. ஏன் என்று கேட்டால் நான்கு கன்ஸ்மித்கள் நான்கு காரணம் சொல்வார்கள். சுட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது: 'ரேன்சம் ரெஸ்ட்'. கனமான மேசையில் போல்ட் போட்ட இரும்புக் கை. பிஸ்டலின் கைப்பிடியை அது பிடித்துக்கொள்ளும், உதைக்கு மேலே எழும்பும், அதே இடத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். மனிதக் கை இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் மட்டும் என்ன செய்கின்றன என்று அதில் தெரியும். நல்ல கன்ஸ்மித் துப்பாக்கியோடு ஐம்பது கெஜத்தில் பத்து குண்டு சுட்ட ஒரு காகிதத்தையும் கொடுப்பார். இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் கேள்வியே இல்லை. ஒன்றரை அங்குலம் என்றால் பெருமைப்படலாம். எந்தத் தோட்டாவில் சுட்டது என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத காகிதத்துக்கு மதிப்பில்லை.

மற்ற வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கைப்பிடியின் முன்பக்கத்தில் அங்குலத்துக்கு இருபது அல்லது முப்பது கோடு வீதம் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவார்கள். வேர்த்த கை வழுக்காது. கைப்பிடிப் பலகையைக் கைக்கேற்பச் செதுக்கிக்கொள்ளலாம். மேலே பளபளப்பா, நீலமா, கறுப்பா என்பது அவரவர் ரசனை. அதற்குச் செலவழிப்பதில் தவறில்லை, மதிப்பெண் மட்டும் உயராது.

இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் லூயிசியானாவின் ஜிம் கிளார்க் ஒருவர். துப்பாக்கி வேலையும் செய்தார், 1958இல் தேசியப் பட்டத்தையும் வென்றார். ராணுவ அணிகள் கோலோச்சிய காலத்தில் ஒரு சாதாரணக் குடிமகன் அதைச் செய்தது பெரிய விஷயம். தன் கையால் பொருத்திய துப்பாக்கியைத் தானே வரிசையில் நின்று சுடுபவருக்கு, எது மேசையில் மட்டும் நன்றாக இருக்கிறது, எது பத்து வினாடி நெருக்கடியிலும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்திருக்கும். பிற்காலத்தில் பன்னிரண்டு முறை தேசியப் பட்டம் வென்ற மரைன் வீரர் பிரையன் ஜின்ஸ் போன்றவர்களுக்குப் பின்னாலும் மரைன் படையின் கன்ஸ்மித் பிரிவு இருந்தது.

புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது? .45ஐத் தள்ளி வையுங்கள். .22 போதும். அதில் குழல் ஃபிரேமோடு நிலையாக இருப்பதால் மேலே சொன்ன பொருத்தும் வேலையில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 41, ரூகர் மார்க் வரிசை போன்றவை பெட்டியிலிருந்து எடுத்தபடியே பெரும்பாலான மனிதர்களை விட நன்றாகச் சுடும். தோட்டாவும் மலிவு, உதையும் இல்லை. பிறகு 1911 வாங்கும்போது அதன் ஃபிரேமில் மாட்டக்கூடிய .22 மேற்பகுதி ஒன்றும் வாங்கிவிட்டால் அதே விசை, அதே கைப்பிடியில் இரண்டையும் சுடலாம். மூன்று துப்பாக்கிக்கு மூன்று விசை பழகுவதை விட இது எவ்வளவோ மேல்.

.45க்குப் போனதும் முதலில் விசை, பிறகு கண்ணுக்கேற்ற சைட், பிறகு குழலும் புஷ்ஷும், கடைசியில் ஸ்லைடு. மொத்தத்தையும் ஒரே தடவையில் கன்ஸ்மித்திடம் கொடுத்தால் திரும்ப வர மாதக்கணக்கில் ஆகும். பெயர் பெற்றவர் என்றால் வருடமும் ஆகலாம். அதற்குள் .22இல் கை தேறிவிடும். துப்பாக்கி வந்த பிறகு ஸ்பிரிங்கை மட்டும் காலாகாலத்தில் மாற்றிக்கொண்டிருங்கள். எத்தனை குண்டு சுட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த வாட் கன் திடீரென்று சிக்க ஆரம்பித்தால், கன்ஸ்மித்துக்கு போன் போடும் முன் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.